கட்டிங் மாஸ்டர் தோட்டம் வெட்டிய கதை

"அடுத்தவன் அளவுக்கு நான் கத்தரி வச்சதே கிடையாது."

கழுத்தில் டேப் மாலையாகத் தொங்க, தையல் கடை வாசலில் நின்று கட்டிங் மாஸ்டர் அருளிய வாக்கு இது. வேறு கடையில் தைத்த சட்டையைக் கொண்டுவந்து இதே மாதிரி வேண்டுமென்று கேட்டவரைச் சட்டையோடு திருப்பி அனுப்பிய பெருமை அவருக்கு உண்டு. இந்தச் செய்தி ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு அவரே சொல்லிவிடுவார்.

அப்பேர்ப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டுத் தோட்டம் ரூபத்தில் சோதனை வந்தது. வேறு யாருடைய தோட்டமாவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார். அது சகலையின் தோட்டம். அக்காளும் தங்கையும் அருகருகே இருக்கட்டும் என்று கட்டிய வீடுகள். நடுவில் ஆள் உயரச் சுவர். மாஸ்டரின் மனைவி சாயங்காலமானால் டீ டம்ளரோடு தங்கை வீட்டு பெஞ்சுக்குப் போய்விடுவாள். சிரிப்பு மட்டும் சுவர் தாண்டி வரும். மாஸ்டர் தம் வீட்டுப் பின்புறத்து வெறும் மண்ணைப் பார்த்தபடி தனியாகக் குடிப்பார்.

கொரியர் ஆபீசில் வேலை பார்க்கும் சகலை தோட்டத்துக்கென்று ஒரு கோடுகூடப் போட்டவரில்லை. மனைவி துணி உலர்த்த நடந்து நடந்து விழுந்த தடத்தில் கல் பதித்தார். பெஞ்சை இறக்கியவர்கள் மரத்தடியில் வைத்துவிட்டுப் போனார்கள். நகர்த்தச் சோம்பல்பட்டு அங்கேயே விட்டார். அதைப் போய் ஊர் அழகு என்றது. மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி மொட்டை மாடி ஏறினார். தண்ணீர் என்றும் இருந்தது. அவர் பார்த்தது கீழே.

ஒருநாள் மனைவியிடம் அறிவித்தார்: "இனிமே உன் டீ நம்ம தோட்டத்துலதான்."

பழுப்புத் தாளை விரித்தார். சட்டை முதுகு வெட்டுவது எப்படி? தாளை இரண்டாக மடித்து, பாதி வரைந்து, வெட்டி விரித்தால் முழு முதுகும் வந்துவிடும். தோட்டத்துக்கும் அதே சாஸ்திரம். ஓரத்தில் ஒரு பாதை, அதன் முடிவில் ஒரு பெஞ்சு, மடிப்பை ஒட்டி அரைவட்டப் பூப்பாத்தி. வெட்டி விரித்ததும் அவருக்கே மெய்சிலிர்த்தது. தாளில் இருந்ததைத் தரையில் சாக்பீஸ் தூளால் வரைந்து, ஒரு நூல் பிசகாமல் கட்டி முடித்தார்.

மனைவி டம்ளரோடு சமையலறைக் கதவைத் திறந்தாள். நேர் எதிரே, வாசலை அடைத்துக்கொண்டு, முழுவட்டமாகப் பூப்பாத்தி. பாதைகள் இரண்டும் இரண்டு கோடியில். இங்கொரு பெஞ்சு, அங்கொரு பெஞ்சு. கணவனும் மனைவியும் பேச வேண்டுமானால் போன் போட வேண்டும்.

"ஏங்க, சட்டைன்னா பட்டனைக் கழட்டிட்டு நடுவுல நுழையலாம். இதுல எங்க நுழையறது?"

அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை, வழக்கமான வழியில் தங்கை வீட்டுக்குப் போனாள். சுவருக்கு அப்பால் சிரிப்பு எழுந்தது. அது தம்மைப் பற்றித்தான் என்பதில் மாஸ்டருக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை, அக்காளும் தங்கையும் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போன பின், சகலை வீட்டுச் சமையலறை வாசலில் ஒரு மனிதர் மண்டியிட்டிருந்தார். டேப்பின் நுனியைப் படிக்கட்டில் செங்கல் வைத்து அழுத்திவிட்டு, முதல் கல்லிலிருந்து மரத்தடி பெஞ்சு வரை தவழ்ந்தார். பாதை வளைகிற இடத்தில் செங்கல் புரண்டு டேப் சுருண்டது.

வீட்டுக்குள்ளிருந்து சகலை வந்தார். குனிந்து நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"வளைவுல கொஞ்சம் லூஸ் விட்டு எடுங்கண்ணே."

மாஸ்டர் தலை நிமிராமல் லூஸ் விட்டார்.