நீலம் பாரித்த விரல்கள்

என் உதடும் விரல் நுனிகளும் பிறந்ததிலிருந்தே நீலம். மற்றவர்களுக்கு நாவற்பழம் தின்றால் வரும் நிறம் எனக்கு ஒன்றும் தின்னாமலே வந்தது. கொஞ்சம் வேகமாக நடந்தாலும் மூச்சு அடைத்துக்கொள்ளும். அப்போது இருந்த இடத்திலேயே குந்தி உட்கார்ந்துவிடுவேன். முழங்கால்களை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டால் மெல்ல மெல்ல மூச்சு திரும்பும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தானாம்.

சின்னப் பிள்ளை தெருவில் குந்தினால் யாரும் கவனிப்பதில்லை. வயதுக்கு வந்த பெண் குந்தினால் பார்க்கிறவர்களுக்கு ஒரே அர்த்தம்தான். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் தட்டி வீட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் வழியில், ஷிஃப்ட் முடிந்த ஆண்கள் கூட்டமாக வருவார்கள். என்னைப் பார்த்துச் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், சிலர் சிரிப்பார்கள். ஒருநாள் ஒருவர் நின்று, "ஏம்மா, மறைவா போய் உக்காரக் கூடாதா?" என்றார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. குடத்தை முன்னால் நகர்த்தி அதன் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதன் பிறகு அம்மாவே தண்ணீருக்குப் போனாள்.

மைசூர் மைன்ஸிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுரங்கக் குழியான ஷாஃப்டின் மேலே நின்று, ஆட்கள் ஏறிய கேஜ் கூண்டை இறக்க மணியடிக்கும் வேலை. நல்ல இடம். முந்தின நாளே அம்மா என் நகங்களின் மேல் மருதாணியை அப்பிவிட்டாள். கல்யாணமாகாத பெண் வெற்றிலை போடக் கூடாது என்று திட்டுகிறவள், அன்று காலை தானே மடித்து என் வாயில் வைத்து, "நல்லா மென்னு, உதட்டுல தடவிக்கோ" என்றாள். கண்ணாடியில் பார்த்தேன். முதல் தடவையாக மற்றப் பெண்களைப் போல இருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது.

பானகம் கொடுத்ததுவரை ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்கள் காலில் ஒவ்வொருவராக விழுந்து எழுந்தபோதுதான் மூச்சு போயிற்று. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முன்னால், அத்தனை ஆண்களும் பார்க்க, புதுப்புடவையோடு குந்திவிட்டேன்.

"இன்னாம்மா, பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்தார்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல. மயக்கமா இருக்கும்" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் என் முகத்தையும் வாயையும் துடைத்தார். துணியில் சிவப்பு ஒட்டிக்கொண்டது. என் உதட்டில் நீலம் மிஞ்சியது. அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். கோபப்படவில்லை. கிளம்பும்போது மட்டும், "ஆஸ்பத்திரில காட்டுங்க. இப்டி சாயம் பூசி வெக்காதீங்க" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சுரங்கத்தில் வேலை பார்த்த என் அப்பா, நைனா, அடுத்த வாரம் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வெள்ளைக்கார டாக்டர் என் மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். கேட்டுவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டார். ஒருவர் பின் ஒருவராக வந்து குழாயை வைத்துக் கேட்டு, தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்களுக்கு அதிசயமாக இருந்த அந்தச் சத்தம் எதுவென்று எனக்கு மட்டும் தெரியவில்லை.

டாக்டர் சொல்லச் சொல்ல கம்பவுண்டர் தமிழில் சொன்னார். இதயத்தின் நடுவே ஒரு சுவர் இருக்கிறதாம். வலப்பக்கத்துக் கறுத்த ரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே பிராணவாயுவை வாங்கிச் சிவந்து, இடப்பக்கம் திரும்பி, பிறகுதான் உடம்பெங்கும் ஓடுமாம். என் சுவரில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகல். அதனால் காற்று வாங்காத ரத்தம் நல்ல ரத்தத்தோடு கலந்து விரல்வரை வந்துவிடுகிறது. "தவளைக்குக் கீழறையில அந்தச் சுவரே கெடையாது. அது தோலாலயும் மூச்சு வாங்கறதால பொழச்சிக்குது. மனுஷனுக்கு அது பத்தாது" என்றார் கம்பவுண்டர். விளங்கட்டும் என்றுதான் சொன்னார். நான் குந்தி உட்காருவதும் தவளை மாதிரிதானே என்று எனக்குத் தோன்றியது. உடம்பெல்லாம் கூசியது.

அப்போது அம்மா கேட்டாள். "இவ வயித்துல இருந்தப்போ கிரகணத்துல வெளிய வந்துட்டேன். வெறகு நனையுதேன்னு வந்தேன். அதனாலயாங்க?"

நைனா திரும்பி அவளைப் பார்த்தார். அவரிடம்கூட அம்மா இதைச் சொன்னதில்லை. கம்பவுண்டர் ஆங்கிலத்தில் சொன்னது டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் தலையை அசைத்துச் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்.

"இல்லம்மா. உள்ள வளர்றப்பவே சுவரு முழுசா மூடல. நீங்க பண்ணது ஒண்ணும் இல்ல."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். நான் தெருவில் குந்தும் ஒவ்வொரு முறையும் அவள் முகம் ஏன் அப்படிச் சுருங்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

மருந்து இல்லை என்றார்கள். பாரம் தூக்கக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது என்றார்கள். நைனா வீடு திரும்பும் வழியில் கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து, அரிவாள்மனையில் பிளந்து விரித்தார். நடுச்சுவர் விரல் தடிமனுக்கு இருந்தது. வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். "கீழ ஒரு ஷாஃப்டுல நல்ல காத்து எறங்கும், இன்னொண்ணுல கெட்ட காத்து ஏறும். நடுக்கதவ தெறந்து வுட்டா ரெண்டும் கலந்துபூடும். அந்த மாரிதான்" என்றார். அன்று யாரும் அந்தக் கறியைச் சமைக்கவில்லை.

கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. மிஷன் பள்ளியில் கற்ற தையலை வைத்து உட்கார்ந்தபடி செய்யும் வேலை பார்த்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில், எங்கள் வீட்டு வரிசையிலேயே ஒரு பெண்ணுக்கு நீலமாகக் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் அது இறந்துபோயிற்று. கிரகணம், கண்ணேறு என்று பெண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணலடி. டாக்டரே சொல்லிக்கீறாரு. உள்ள வளர்றப்பவே அப்டிதான்."

அந்தப் பெண் கண்ணைத் திறந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற என் கைகளைத்தான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நீலத்தோடு நான் மட்டும் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறேனே என்று எனக்கு அவமானமாக இருந்தது. கையை மறைக்கவும் முடியவில்லை, அங்கிருந்து போகவும் முடியவில்லை.