மீறு என்ற சொல்லும் ஒரு புளியமரமும்

சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய காலமெல்லாம், ‘உரிமையை மீறுதல்’ என்பதை விளக்கக் கரும்பலகையில் ஒரு கோடு போடுவேன். அந்தப் பக்கம் நிற்பவன் இந்தப் பக்கம் கால் வைத்தால் மீறிவிட்டான். மாணவர்களுக்கு உடனே புரிந்துவிடும். வீட்டில் புழங்குகிற சொல்தானே அது. அப்பா பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டாள், சக்திக்கு மீறி வீடு கட்டினான், நிலைமை கைமீறிப் போய்விட்டது என்கிறோம். எதுவோ ஒன்று தன் இடத்தைத் தாண்டிப் போகிறது. என் கோடு சரி என்றே நினைத்திருந்தேன். ஓய்வுபெற்று ஜவ்வாது மலைக்கு வந்த பிறகு, இருந்த இடத்தைவிட்டு நகராமலே ஒரு பெண்ணின் உரிமையை மீறினேன்.

மனைவிக்கு மூச்சிரைப்பு, வேலூர்ப் புழுதி ஒத்துக்கொள்ளவில்லை. மலையில் ஒருவரிடம் சாமை விளைந்த துண்டு நிலத்தை வாங்கிச் சிறிய வீடு கட்டினோம். நிலத்தின் ஓரத்தில் பெரிய புளியமரம் ஒன்று நின்றது. பத்திரத்தில் ‘மாவடை மரவடை உள்பட’ என்று எழுதச் சொன்னது நான்தான். சுற்றிலும் கம்பி வேலி அடித்து, இரும்புக் கேட்டில் பூட்டும் போட்டேன். காட்டுப்பன்றி வரும் என்றேன்.

“பன்னிக்கு எதுக்குங்க பூட்டு?” என்று கேட்டாள் மனைவி.

முதல் மாசியில் மரம் நிறையப் பழம். ஒரு காலை, அறுபது வயதிருக்கும் அம்மாள் ஒருவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். தோளில் நீளமான துரட்டி, கையில் மடித்த சாக்குகள். நான் வராந்தாவில் உட்கார்ந்தபடியே குரல் கொடுத்தேன்.

“இன்னாம்மா, புளி திருட வந்தியா? அப்பால போ.”

“இல்லீங்க சார். சும்மாதான்.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு போய்விட்டார். நான் செய்தித்தாளுக்குத் திரும்பினேன்.

அந்த வாரமே ஆள் விட்டு உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை நீக்கி, வேலூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பினோம். “நம்ம மரத்துப் புளி” என்று போனில் பெருமை பேசினேன்.

நிலத்தை விற்றவர் ஒடுகத்தூரில் மகனோடு இருக்கிறார். ஆடி மாதம் கோயிலுக்கு மலையேறி வந்தவர் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார். புளிக்குழம்பை ஒரு வாய் வைத்ததும் முகம் மலர்ந்தது.

“தங்கச்சி வந்து புளி வச்சிட்டுப் போச்சா?”

“எந்தத் தங்கச்சி?”

“என் தங்கச்சிதான் சார். அந்த மரம் அதோடது. கல்யாணத்தப்போ எங்கப்பா குடுத்தாரு. நெல்லிவாசல் பக்கம் கட்டிக் குடுத்தோம். வருசா வருசம் மாசில வந்து உலுக்கிகினு போவும். பொறந்த வூட்டுக்கு ஒரு மொறம் வெக்காம போவாது.”

“நீங்க சொல்லவே இல்லியே?”

“நெலத்ததான சார் வித்தேன்? மரம் அதோடதுன்னு மலைக்கே தெரியும்.”

பதிவு நாளில் பத்திரத்தைப் படித்துக் காட்டியபோது ‘மாவடை மரவடை’ அவருக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். எனக்கு அதன் பொருள் தெரியும்: நிலத்தோடு அதில் நிற்கும் மரமும் வாங்கியவனுக்கே. சோற்றில் கை வைத்தபடி நான் முதலில் நினைத்தது, வழக்கு என்று வந்தால் எனக்குத்தான் ஜெயம் என்பதை. இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். “துரட்டியோட வந்து நின்னாங்களே, அவங்களா?”

அன்று ராத்திரி எனக்கு என் கரும்பலகைதான் கண்ணில் நின்றது. அந்தக் கோட்டை யார் போட்டது என்று ஒரு வகுப்பில்கூட நான் கேட்டதில்லை.

நானும் மனைவியும் நெல்லிவாசலுக்கு ஷேர் ஜீப்பில் போனோம். அந்த அம்மாள் வாசலில் சாமை காயவைத்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்து முதலில் தண்ணீர் கொண்டுவந்தார். என் வாசலில் அவருக்கு வேண்டுமா என்றுகூட நான் கேட்காத தண்ணீர்.

“மன்னிச்சிடுங்கம்மா. தெரியாம பண்ணிட்டேன்.”

“தெரியாதவங்க கேப்பாங்க இல்ல சார்?” குரல் உயரவில்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே” என்றாள் மனைவி.

“எப்டிக்கா சொல்றது? எம் மரத்துக்கே திருடின்னாரு. துரட்டிய தூக்கினு திரும்பி வர்றேன், வழியெல்லாம் கேக்கறாங்க, இன்னா வெறுஞ்சாக்குன்னு. இந்த வருசம் காய்க்கலன்னுட்டேன்.”

பழம் தொங்கித் தரை தொட்ட மரத்தை அவர் காய்க்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். என்னைக் காப்பாற்ற அல்ல. பிறந்த வீட்டு மண்ணில் தன்னை விரட்டினார்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனைவிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து வேலியைப் பிடுங்கி, மரம் வெளியே நிற்கும்படி உள்பக்கமாக நட்டேன்.

இந்த மாசியில் வந்தார். வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பன்னி உள்ள வராது சார். ரொம்ப நல்லா கட்டிகிறீங்க” என்றார். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கூசியது.

பகல் முழுக்க உலுக்கினார். மனைவி கொண்டுபோன தேநீரை மரத்தடியில் நின்றபடியே குடித்தார். எவ்வளவு கூப்பிட்டும் வீட்டுக்குள் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை, வராமலிருக்க அவருக்கு உரிமை உண்டு. புறப்படும்போது மட்டும் ஒரு முறம் நிறையப் பழத்தை எங்கள் படியில் கொட்டினார்.

“இது பொறந்த வூட்டுக்கு” என்றார் மனைவியிடம்.

அதில் பாதியை மகளுக்கு அனுப்பினோம். போன் செய்தாள்.

“நம்ம மரத்துப் புளியாப்பா?”

“இல்லம்மா. மரத்துக்காரங்க குடுத்தாங்க.”