பன்னிரண்டு மணிக்கு அவிழ்ந்த கயிறு

கிருபாநிதி வாத்தியாருக்குத் தோணிப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் தூத்துக்குடியில் பலரும் நினைத்தார்கள். இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல், நோட்டும் சோற்றுத் தூக்குமாக, தோணிகள் சரக்கு இறக்கும் துறைமுகப் பாலத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். சென்னைப் பேராசிரியர் ஒருவரிடம் பதிவு செய்து, ஓர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். தலைவன் என்று யாரும் இல்லாமல் பலர் ஒரே நேரத்தில் வேலை பார்த்தால், அந்த வேலை எப்போது ஓடும், எப்போது முடங்கும்? இதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

முடங்குவதை அவர் கண்ணாலேயே பார்த்தார். நடுக்கடலில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கு ஏற்றிவரும் தோணிக்குப் பாலத்தடியில் இடம் வேண்டும். உள்ளே நிற்கும் தோணிக்கு வெளியேற வழி வேண்டும். விட்டால் இடம் போய்விடும் என்று ஒவ்வொருவரும் தோணியைப் பாலத்தோடு இழுத்துப் பிடித்த கயிற்றை விடாமல், அடுத்தவன் விடட்டும் என்று காத்திருப்பார்கள். ஏச்சுத்தான் நடக்கும், வேலை நடக்காது. அப்படி மாட்டிக்கொண்டால் தானாக விடுபடவே முடியாது என்று கிருபாநிதி கணக்குப் போட்டு நிரூபித்திருந்தார்.

1947 மாசியில் பேராசிரியரின் கடிதம் வந்தது. "காலையில் முடங்கிய தோணிகள் பிற்பகலில் ஓடுவதாக உமது குறிப்பே சொல்கிறது. அவிழ்த்தது யார்? ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டால் ஆய்வேட்டை ஏற்க இயலாது."

அன்று இரவெல்லாம் கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பு எதுவும் அகப்படவில்லை. இரண்டு வருட உழைப்பு. விடிந்ததும் தண்டல் பர்னபாஸைத் தேடிப் போனார். தோணியை நடத்துகிறவர் அவர்தானே.

"யாரும் அவுக்கலையே வாத்தியாரய்யா," என்றார் பர்னபாஸ். "ஆமா, பன்னெண்டு மணிக்கு நீங்க எங்க இருப்பிய?"

"ஷெட்டுக்குப் பின்னால நிழல்ல. சாப்பிட."

பர்னபாஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தோணிக்காரப் பையனைக் கூப்பிட்டார். "ஏலே இனிகோ, கேட்டியா? ரெண்டு வருசமா எல்லாத்தையும் எழுதியிருக்காவ, சோறு கண்ண மறைச்சிட்டு!"

அடுத்த சனிக்கிழமை கிருபாநிதி தூக்கைத் திறக்கவில்லை. மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. ஏச்சு பாதியில் நின்றது. தோணிக்காரர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு, காலை, நண்பகல், மாலை மணிக்கு மாதாவை நோக்கிச் சொல்லும் திரிகால ஜெபத்துக்குக் கைகுவித்தார்கள். கைகுவிக்க வேண்டுமென்றால் கயிற்றை விட்டாக வேண்டும்! ஒரே நொடியில் எல்லாக் கயிறும் தளர்ந்தது. அலையில் தோணிகள் விலகி ஆடின. ஜெபம் முடிவதற்குள் நடுவே வழி திறந்திருந்தது.

அந்த ஜெபம் வழக்கத்தில் இல்லாத சீர்திருத்தச் சபைக் குடும்பத்தில் பிறந்த கிருபாநிதிக்கு அந்த மணி பசிக்கான மணியாக மட்டுமே இருந்திருக்கிறது. அன்றே எழுதினார்: கணக்கு சரி, ஆனால் முழுமையல்ல, குறித்த நேரத்தில் எல்லாரும் ஒருமுறை பிடியை விட்டால் முடக்கம் தீரும். "மணியை எடுத்துவிடலாமே, இது கணித ஆய்வேடு" என்று பேராசிரியர் எழுதினார். கிருபாநிதி எடுக்கவில்லை. மறு வருடம் மணியோடே பட்டம் வந்தது.

"அப்போ மாதாவுக்கும் பாதிப் பட்டம் உண்டுல்லா?" என்று கேட்டார் பர்னபாஸ்.

"முக்கால்வாசி," என்றார் கிருபாநிதி.

1949 ஐப்பசியில், மூன்றே நாள் காய்ச்சலில் அவர் போய்விட்டார். பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது மாதா கோயிலின் ஜெப மணி கேட்டது. கயிற்றின் ஒரு முனை பர்னபாஸ் கையில் இருந்தது. அன்று அவர் கைகுவிக்கவில்லை. கயிற்றை இறுகப் பிடித்தபடியே ஜெபத்தைச் சொல்லி முடித்தார்.