கார்பன் நகல்

எங்கள் தீவின் டத்தோ கிராமாட் பகுதியில் தட்டச்சுக் கடை வைத்திருந்தவரை நாங்கள் டைப்பிஸ்ட் அண்ணன் என்றே கூப்பிட்டோம். ஒல்லியான ஆள், கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். யார் எதை அடிக்கக் கொடுத்தாலும் பின்னால் கார்பன் வைத்து, நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். தொலைந்தால் உதவும் என்பார்.

எண்பதுகளில், முதுகலை படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர விண்ணப்பித்தேன். என் ரெஸ்யூமேயைப் படித்துவிட்டு அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"விளம்பரத்துல வகுப்பும் எடுக்கணும்னு போட்டிருக்கான். நீ யாருக்கும் பாடம் சொல்லிக் குடுத்ததில்லயா தங்கச்சி?"

"ஞாயித்துக்கிழமை ஃபெரி ஏறி அக்கரைக்குப் போயி தாசேக் கெலுகோர் தோட்டத்துப் பிள்ளைங்களுக்குக் கணக்குச் சொல்லித் தரேன். அதெல்லாம் எழுதுவாங்களா அண்ணே?"

"அதத்தான் மொதல்ல எழுதணும்லா!"

அவரே அந்த வரியைச் சேர்த்து, ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தார்.

நேர்முகத் தேர்வில் பேராசிரியர் என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

"முன்னாடி வந்த பொண்ணும் இதே தோட்டம், இதே கணக்குன்னு எழுதியிருக்கே. யாரைப் பாத்து எழுதுனீங்க?"

வெளியே வந்தால், படிக்கட்டில் டைப்பிஸ்ட் அண்ணன், எனக்கு முன் உள்ளே போய் வந்த தன் கூடப் பிறந்த தங்கையோடு நின்றுகொண்டிருந்தார். அக்கரைக்குப் போக ஃபெரி ஏறியதே இல்லை அவள்.

"ஏன் அண்ணே இப்படி?"

"அந்த வரியச் சேத்ததே நான்தானேம்மா?"

குரலில் கொஞ்சமும் தயக்கமில்லை. வேலை அவளுக்குக் கிடைத்தது. இன்றும் எந்த விண்ணப்பத்தில் அந்த வரியை எழுதினாலும், அடுத்தவர் பொருளை எடுத்ததுபோல் கை கூசுகிறது, எனக்கு.