முப்பத்தெட்டு பேருக்கு ஒரே போன் நம்பர்

டாக்டர் சென்னையில் திரைக்குள் இருப்பார், நோயாளி ஓசூரில் நாற்காலியில் இருப்பார், இரண்டு பேர் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்ள நடுவில் ஒரு ஆள் வேண்டுமே, அந்தச் சம்பளம்தான் எனக்கு. பாகலூர் ரோட்டில், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது எங்கள் வீடியோ டாக்டர் சென்டர். பேர் பதிவது, பிரஷர் பார்ப்பது, ரிப்போர்ட்டை ஏற்றுவது, மருந்துச் சீட்டை நோயாளியின் போனுக்கு அனுப்புவது எல்லாம் நான். கம்ப்யூட்டர் மயங்கி விழுந்தால் தெளிய வைப்பது கூட வேலை பார்க்கும் பிரகாஷ். என்னைப் போல அடுத்தவர் உடம்பு ரகசியத்தை மடியில் வைத்துக்கொண்டு கவுண்டரில் குப்பை கொட்டும் சகோதர சகோதரிகளே, என் பாட்டைக் கொஞ்சம் கேளுங்கள்.

என் வெண்கலத் தொண்டை

அன்று சானமாவுக் காட்டுப் பக்கம் யானை ரோட்டுக்கு வந்துவிட்டதென்று வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காலையில் வர வேண்டியவர்களெல்லாம் பதினொன்றரைக்கு மொத்தமாக வந்து பெஞ்சை நிரப்பினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "முனியப்பா! மூலத்துக்குப் பார்க்க வந்த முனியப்பா யாருங்க?" என்று கத்தினேன். மூலத்தை ஏன் சேர்த்தேன் என்று கேட்பீர்கள். அன்றைக்கு லிஸ்டில் இரண்டு முனியப்பா. அடையாளம் வேண்டாமா?

யாரும் எழுந்திருக்கவில்லை. பாகலூரில் தக்காளி போடுகிற ஒரு பெரிய மனுஷர் மட்டும் சுவரில் ஒட்டியிருந்த கண் தான நோட்டீஸை மிகக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களெல்லாம் போய், பெஞ்ச் காலியான பிறகு கவுண்டருக்கு வந்து குனிந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "ஏம்மா, என் மாட்டுக்கு வயிறு சரியில்லன்னாகூட டாக்டர் காதுலதான் சொல்லுவேன், சந்தையில நின்னு கூவ மாட்டேன்."

டாக்டரின் கண்ணாடியில் ஒருவர்

வெட்கத்தோடு அவரை உள்ளே கூட்டிப்போய்த் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். அன்று இருந்தவர் சின்ன வயது டாக்டர், தன்மையானவர். "சொல்லுங்க ஐயா" என்றார். முனியப்பா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமி, உங்க ரூம்ல இன்னொருத்தர் யாரு?" என்று கேட்டார். யாருமில்லையே என்றார் டாக்டர். "உங்க மூக்குக் கண்ணாடியில யாரோ நடக்கறாங்களே!"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தால், லேப்டாப்புக்கு எதிர்ப்பக்கம் அலமாரியருகே ஒருவர் ஃபைல் தேடிக்கொண்டிருக்கிறார். டாக்டருக்கே அதுவரை தெரியாது. அவரை அனுப்பிவிட்டு, லேப்டாப்பைத் தூக்கி அறையின் நாலு மூலையையும் சுற்றிக் காட்டினார். நாலு வருஷமாக அந்தத் திரையைப் பார்க்கிறேன், எனக்கு ஒரு நாளும் அது கண்ணில் பட்டதில்லை. அடேயப்பா, என்ன கண்ணு இந்த மனுஷனுக்கு என்று நான் வாயைப் பிளந்து நிற்க, அவர் என் பக்கம் திரும்பினார்: "நீயும் செத்த வெளிய நில்லும்மா, மிச்சத்த நாங்க ரெண்டு ஆம்பளைங்க பேசிக்கறோம்."

மிக்சி

இனி செல்வராணி. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். இங்கே ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை, புருஷனோடு மத்திகிரியில் லைன் வீட்டில் குடியிருப்பு. குழந்தை பிறந்த பிறகு அவளுக்குத் தூக்கம் போய்விட்டது, காரணமே இல்லாமல் அழுகை வந்தது. மனநல டாக்டரம்மாவைத் திரையில் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாள். தெரிந்தவர் புருஷன் ஒருவர்தான். அடுத்த மாசம் கம்பெனியில் யார் யாரைப் பெர்மனன்ட் ஆக்குவதென்று லிஸ்ட் போகப் போகிறது, "மண்டைக்கு மாத்திரை சாப்பிடறவ" என்று ஒரு சொல் கம்பெனி லைனில் விழுந்தால் தன் பேரை அடித்துவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அவள் பயம் பொய்யில்லை என்று எனக்கும் தெரியும்.

இரண்டாவது தடவை வீட்டிலிருந்தே போனில் பேசினாள். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு பக்கம் ஏதோ மெஷின் ஓடுது, ஒண்ணும் கேக்கல, என்னன்னு பாருங்க" என்றார். நான் போன் போட்டால், வெறும் மிக்சியை ஓட விட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறாள்! லைன் வீடாயிற்றே, இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். டாக்டருக்கே கேட்கவில்லையே தாயே என்றேன். செல்வராணி சொன்னாள்: "டாக்டரம்மாவுக்குக் கேக்கலன்னா இன்னொருவாட்டி சொல்லிக்கிடலாம்க்கா, பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டுட்டுன்னா திரும்ப வாங்க முடியுமா?"

அன்றிலிருந்து அவளைச் சென்டருக்கே வரச் சொல்லிவிட்டேன்.

நான் செய்த சுத்தம்

மூன்றாவது தடவை அவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். கம்ப்யூட்டரில் அவள் பேர் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று நான் பதிந்தது, அவளுடைய நம்பரோடு. இன்னொன்று போன வருஷம் கம்பெனி கேட்டுக்கு வெளியே நாங்கள் நடத்திய முகாமில் பதிந்தது. அந்தக் கம்பெனியில் யாரும் உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும், ஷிப்ட் முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும். முகாமுக்கு லைனிலிருந்து நேராக வந்த பெண்கள் கையில் போன் இல்லை. ஓடிபி இல்லாமல் பதிய முடியாது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மஞ்சுநாத் மட்டும் வெளியே போனோடு நின்றிருந்தார். "என் நம்பரே போடுங்க மேடம், எல்லாம் நம்ம பொண்ணுங்கதானே" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். முப்பத்தெட்டு பெண்களுக்கும் அவர் நம்பரையே போட்டவள் சாட்சாத் நானேதான்.

ஒரே பேர் இரண்டு இடத்தில் எதற்கு என்று நான் இரண்டையும் ஒன்றாக்கினேன். சுத்தமாக வைத்துக்கொள்கிறேனாம்! டாக்டரம்மா பேசி முடித்தார், நான் மருந்துச் சீட்டை அனுப்பினேன், 'அனுப்பப்பட்டது' என்று பச்சையாக வந்தது. செல்வராணி தன் போனைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. நான் திரையைப் பார்த்தேன். போயிருந்தது மஞ்சுநாத்தின் நம்பருக்கு; ஒன்றாக்கியதில் முகாமில் போட்ட நம்பரே நின்றுவிட்டது. பெர்மனன்ட் லிஸ்ட் எழுதுவதும் அதே மஞ்சுநாத்.

மெசேஜில் பேர் இருக்காது, லிங்க் மட்டும்தான். ஆனால் தொட்டால் பேர், வியாதி, மாத்திரை எல்லாம் திறந்துகொள்ளும். பாவி, ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டேனே என்று தலையில் கையை வைத்தேன். செல்வராணியின் முகமும் வெளுத்துவிட்டது. ஆனால் அவள் பார்த்தது கடிகாரத்தை. மணி இரண்டு. "யக்கா, பதறாதீங்க. அவரு இன்னைக்கு ஏ ஷிப்ட், காலைலயே உள்ள போயிருப்பாரு. போன் லாக்கர்ல கெடக்கும், ரெண்டரைக்குத்தான் எடுப்பாரு."

போட்ட ஆளே கிழிக்கணும்

பிரகாஷ் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். அந்த லிங்க்கை ரத்து செய்யுங்கள் என்றான். தாராளமாகச் செய்கிறோம், பதிவான நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். அதாவது, மஞ்சுநாத்துக்குத் தெரியாமல் செய்ய மஞ்சுநாத்தைக் கேட்க வேண்டும்! பிரகாஷ் போனில் கெஞ்சினான், கத்தினான், திரும்பவும் கெஞ்சினான். மணி இரண்டே கால்.

செல்வராணி என் தோளைத் தொட்டாள். இந்தச் சீட்டை எழுதியது யார், டாக்டரம்மாதானே, அவர்களே அடித்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். நானும் பிரகாஷும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். டாக்டரம்மா அதற்குள் வேறு ஊர் நோயாளியிடம் பேசிக்கொண்டிருந்தார். அவசரம் என்று மணியடித்துக் கூப்பிட்டேன், விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. சீட்டை ரத்து செய்தார், பழைய லிங்க் செத்துப்போனது. புதுச் சீட்டை என்னை அச்சடிக்கச் சொல்லி அவள் கையிலேயே கொடுக்க வைத்தார். மணி இரண்டு இருபத்தாறு. உனக்கு எப்படியம்மா இது தோன்றியது என்று கேட்டேன். செல்வராணி சொன்னாள்: "எங்க லைன்ல ஒரு பொருள் மேல தப்பா டேக் போட்டுட்டா மேனேஜரே வந்தாலும் தொட முடியாது, போட்ட ஆளேதான்க்கா கிழிக்கணும்."

இரண்டே முக்கால்

சரியாக இரண்டே முக்காலுக்கு மஞ்சுநாத் கூப்பிட்டார். "மேடம், ஏதோ மருந்துச் சீட்டுன்னு வந்திருக்கு, தொட்டா ரத்துன்னு காட்டுது. நம்ம பொண்ணுங்கள்ல யாருக்கு?" என்றார். சொல்ல முடியாது சார் என்றேன். "தெரியாதா, சொல்ல மாட்டீங்களா?" தெரியும், சொல்ல மாட்டேன் என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வேறு யாருக்கோ போக வேண்டியது உங்களுக்கு வந்தது என் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பேரைக் கேட்காதீர்கள் என்று முடித்தேன்.

புகார் கொடுப்பார், என் வேலைக்கு உலை வைப்பார் என்று நினைத்தேன். மனுஷன் சிரித்துவிட்டார்: "ஆயித்து, சரி விடுங்க மேடம், நாளைக்கு நானே ஏதாவதுன்னு வந்து நின்னாலும் இதே மாதிரி வாய மூடிக்கிட்டு இருங்க."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

ஆனாலும் நம்பரை மாற்றியாக வேண்டுமே. மாற்றுவதற்குப் பழைய நம்பருக்கு ஓடிபி போகும், பேரோடு போகும். யார் மாற்றுகிறாளோ அவள்தான் அந்தச் சீட்டுக்காரி என்று மஞ்சுநாத்துக்கு அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நான் இதைச் சொன்னபோது செல்வராணி, "ஞாயித்துக்கிழமை சென்டர் உண்டும்லா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைத் தூக்கினால், படியிலிருந்து ரோடு வரை பெண்கள். கன்னடம் ஒரு பக்கம், தெலுங்கு ஒரு பக்கம், தர்மபுரித் தமிழ் ஒரு பக்கம். முப்பத்தெட்டு பேரும் அவரவர் போனோடு வந்திருந்தார்கள். மஞ்சுநாத்தையும் கையோடு கூட்டி வந்திருந்தார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு ஓடிபியாகப் படித்தார். இருபதாவதுக்கு மேல், "ஏன்மா, எல்லாரும் சேர்ந்து என்னை டைவர்ஸ் பண்றீங்களா?" என்று புலம்பினார். செல்வராணி முதலிலும் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. நடுவில், இருபத்திரண்டாவதோ என்னவோ, கூட்டத்தோடு கூட்டமாக மாற்றிக்கொண்டாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை.

அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது, அடக்கிக்கொண்டேன். எல்லாரையும் எப்படிக் கூட்டி வந்தாய், உன் விஷயத்தைச் சொன்னாயா என்று தண்ணீர்க் குடம் பக்கத்தில் நின்று மெல்லக் கேட்டேன். செல்வராணி சொன்னாள்: "ஒண்ணும் சொல்லலக்கா, நம்ம உடம்பு விஷயம் ஒரு ஆம்பள போனுக்கு எதுக்குப் போவணும்னு மட்டும் கேட்டேன், நான் மட்டும் மாத்துனா 'இவளுக்கு என்னமோ'ம்பாரு, எல்லாரும் மாத்துனா 'இவளுகளுக்கு வேற வேலையில்ல'ன்னு போயிருவாரு."

அடுத்த மாசப் பெர்மனன்ட் லிஸ்டில், மஞ்சுநாத் தன் கையால் எழுதிய பதினோரு பேரில் அவள் பேரும் இருந்தது. அதற்கு மறுவாரம் நோயாளிகளின் தகவலைப் பாதுகாப்பது எப்படி என்று எங்களுக்கு மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள், ஆனால் அந்த வகுப்பை எடுக்கத் தகுதியானவர்கள் எல்லாம் வெளியே பெஞ்சில் டோக்கனோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.