சீ என்றால் கடல்

நான் வேலை பார்த்த துபாய் ஹோட்டலில் எங்கு திரும்பினாலும் ‘சீ’ என்ற சொல்தான். சீ வியூ அறை, சீ ஃபுட், குளியலறையில் சீ சால்ட். நம் ஊரில் நாயை விரட்டுகிற சொல் அங்கே கடலைக் குறித்தது. ஆனால் வந்து ஏழு மாதமாகியும் நான் கடலைப் பார்க்கவில்லை. விடியுமுன் கம்பெனி பஸ் எங்களை முகாமிலிருந்து அள்ளி வந்து, தரைக்குக் கீழே இருந்த லாண்டரியில் இறக்கிவிடும். இருட்டியதும் திரும்ப அள்ளிப் போகும். கடற்கரை விருந்தாளிகளுக்கு மட்டும். என் பாஸ்போர்ட் ஆபீஸ் அலமாரியில்.

காரைக்காலில் நானும் தம்பி செல்வமும் ஃபைபர் படகு ஓட்டினோம். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே ஆழம் சொல்லுவேன். ஏஜென்ட் “சீ பக்கத்துல ஜாப்” என்றதும் படகு வேலை என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் லாண்டரிக்குப் புது மெஷின் வந்தது. பொத்தானை மாற்றி அழுத்தி, சொட்டுநீலத்தை அதிகம் இறக்கி, வெள்ளைத் துண்டுகள் அத்தனையையும் நீலமாக்கிவிட்டேன். வெள்ளைக்கார மேனேஜர் என்னைக் காட்டி சூப்பர்வைசரிடம் வேகமாக ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல்: “அட் சீ.” நான் படகுக்காரன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்னைக் கடலுக்கு அனுப்பப்போகிறார்கள்! அன்று இரவே பையைக் கட்டி வைத்தேன்.

மறுநாள் காலை பையோடு பின்படி ஏறி, ஹோட்டல் படகு கட்டியிருந்த இடத்துக்குப் போய்விட்டேன். உப்புக்காற்று முகத்தில் பட்டதும் கண் கலங்கியது. காவலாள் ஓடி வந்தான்.

“லாண்டரி? கோ டவுன்!”

“நோ லாண்டரி சார். மேனேஜர் சே, ஐ அட் சீ.”

மேனேஜர் வந்து கேட்டுச் சிரித்தார். பிறகு என் பையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என்னோடு வேலை பார்க்கும் கேரளத்து ஷாஜியைக் கூப்பிட்டு விளக்கச் சொன்னார்.

“அண்ணா, ‘அட் சீ’ன்னா கடல் இல்ல. ஒண்ணும் புரியாம முழிக்கிறவனை அப்படிச் சொல்வாங்க.”

கடலில் நான் ஒருநாளும் அப்படி முழித்ததில்லை. தரைதான் என்னை முழிக்க வைத்தது. அதைச் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. “பாஸ்போர்ட் குடுக்கச் சொல்லு, ஊருக்குப் போறேன்” என்றேன். ரெண்டு வருஷ ஒப்பந்தம் முடியட்டும் என்று பதில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை போனில் மனைவி கேட்டாள்: “ஏங்க, கடலு கிட்டக்கதான இருக்கு?”

“கிட்டக்கதான்” என்றேன்.

ஒப்பந்தத்தை முடித்து, இன்னொன்றில் கையெழுத்தும் போட்டுவிட்டு, இரண்டு மாத விடுப்பில் ஊர் வந்தேன். வந்த மறுநாளே தம்பியோடு கடலுக்குப் போனேன். அரசலாற்று முகத்துவாரம் தாண்டி முதல் அலை தூக்கிப் போட்டதுமே குடல் புரண்டது. பிறந்ததிலிருந்து எனக்குக் கடலில் வாந்தி வந்ததில்லை.

“என்னண்ணே, ஒனக்கேவா?” செல்வம் பதறி எஞ்சினைக் குறைத்தான். “கரைக்குத் திருப்பவா, உள்ள போவமா?”

பின்னால் காரைக்கால் மங்கலாகத் தெரிந்தது. எதிரே வெறும் நீர். எந்தப் பக்கம் கை காட்டுவதென்று தெரியாமல், படகின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன்.