அண்ணன் அவர்களின் தண்ணீர்ப்பந்தலும் நான் வெட்டிய கிணறும்

கொட்டாரம் சந்தியில் ஓடு வேய்ந்த பலசரக்குக் கடை, இரண்டு காளைவண்டி, பாறையை உடைத்து வெட்டிய கிணறு, அதன் பக்கத்தில் கன்னியாகுமரி சாலையைப் பார்த்து நிற்கும் தண்ணீர்ப்பந்தல். இத்தனையும், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருவன் தலைச்சுமையாக உப்பு விற்று உண்டாக்கியவை. பாறைக்கு வெடி வைத்தபோது, இங்கே தண்ணீர் வருமா என்று சிரித்தவர்கள் இன்று அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள். ஆனால் பந்தலுக்கு ஊரார் வைத்தது அண்ணன் பெயர். அண்ணன் அவர்கள் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இந்நாளில், பெயர் பெற்றவரைப் பற்றி வேலை செய்தவன் எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் பிறந்தது கொட்டாரத்துக்கு அடுத்த எங்கள் சிற்றூரில். தகப்பனார் காலமானபோது அவருக்கு மீசை முளைக்கவில்லை. வயலும் அம்மையும் நானும் அவர் தலையில் விழுந்தோம். ஒரு பங்குனி வெயிலில் நெற்கட்டோடு நாக்கு வறண்டு சாலையில் விழுந்தவரை, வழிப்போக்கர் ஒருவர் தண்ணீர் கொடுத்து எழுப்பினாராம். கொடுத்தவர் யார், என்ன சாதி ஆள் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்கத் தெம்பும் இல்லை. தாகமென்று வந்தவரைத் திருப்பி அனுப்பமாட்டேன் என்று அன்று நேர்ந்துகொண்டார். நான் கிணறு வெட்டியதும் பந்தலில் வந்து உட்கார்ந்தவர், காய்ச்சல் நாளில்கூட எழுந்து போனதில்லை.

பந்தலில் நம்மவர்களுக்குச் செம்பு. கிட்டே வரக்கூடாதென்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பிளந்த மூங்கில். இந்த முனையில் அண்ணன் மோர் ஊற்ற, அந்த முனையில் அவர்கள் கைகுவித்துக் குடிப்பார்கள். அக்காலத்தில் அதுவே பெரிய தர்மம் என்று பேசப்பட்டது. புல் விற்கும் செல்லி தினமும் அப்படிக் குடித்து, ஏமான் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாழ்த்திவிட்டுப் போவாள்.

அப்போதுதான் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதாக மகாராஜாவின் விளம்பரம் வந்தது. யாரும் எதிர்பார்க்கவில்லை. கன்னியாகுமரிச் சாலை ஜனத்தால் நிறைந்தது. கோயில் வாசலை மிதித்தறியாதவர்கள் நெற்றி நிறையச் சந்தனத்தோடு திரும்பினார்கள். அவர்களோடு வந்த செல்லி, மூங்கில் பக்கம் போகாமல் நேரே வந்து செம்புக்குக் கை நீட்டினாள்.

"அம்மனே என்னை உள்ள விட்டுட்டா. மோரு மட்டும் மூங்கில்லயா, ஏமானே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாளாம். கூட வந்தவர்களும் சிரித்தார்களாம். அண்ணன் செம்பை எடுக்கவுமில்லை, மூங்கிலைத் தொடவுமில்லை. எழுந்து கடைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். கொள்முதலுக்குக் கோட்டாறு போயிருந்த நான் திரும்பியபோது மோர்ப்பானை நிறைந்திருந்தது. பந்தலில் ஆள் இல்லை.

"அவ கேட்டதுல தப்பில்லலே தம்பி," என்றார் அண்ணன். "எனக்குக் கைதான் எழும்பல்ல."

அன்று சாயங்காலமே அந்த மூங்கிலைக் கோடாலியால் வெட்டி அடுப்புக்குப் போட்டவன் நான். வருகிற எல்லோருக்கும் பித்தளைச் செம்புகள் வாங்கி வரிசையாக வைத்தவனும் நான்தான். அண்ணன் தடுக்கவில்லை. மறுநாள் புல்லுக்கட்டோடு செல்லி வந்தபோது, அவரே மோர் மொண்டு, செம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி சாலையில் இறங்கினார்.

"ஏட்டி செல்லி, குடிச்சிட்டுப் போ."

"தாகமில்ல, ஏமானே."

மரியாதையாகத்தான் சொன்னாள். தலையிலிருந்த புல்லுக்கட்டை இறக்கவில்லை. பிறகு எத்தனை வெயிலடித்தாலும் அதே சொல்தான். அவள் கூட்டத்தாரும் நிற்பதில்லை. வேறு பலர் வந்து குடித்தார்கள், வாழ்த்தினார்கள். அண்ணன் கண் மட்டும் சாலையிலேயே இருக்கும். நோயில் படுத்த பின்பும், கடை அடைத்து நான் வீட்டுக்கு வந்ததும், "செல்லி நின்னாளா?" என்றுதான் கேட்பார். நின்றாள் என்று சொல்லியிருக்கலாம். அண்ணனிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரவென்று பாராமல் வந்து மருந்து கொடுத்த வைத்தியருக்கும், கடைசிவரை கூடவே இருந்து பார்த்த மதினிக்கும், மழையில் தோள் கொடுத்த அயலாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பந்தலின் முன் அண்ணன் பெயரில் கல் நாட்டப் போவதாக உறவினர்கள் சொல்கிறீர்கள். நாட்டுங்கள். அதே அளவு எழுத்தில், கிணறு வெட்டியவன் பெயரும் அதில் இருந்தாக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். செல்லியின் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவன் படித்துச் சொல்லட்டும். அண்ணன் பெயருக்கு நிற்காதவள் என் பெயருக்காவது நின்று, ஒரு செம்பு குடிக்கட்டும்.